நோட்டுப் போட்டு விளையாடிய வருஷம்

2025 ஜனவரியில் கடைக்கு வந்த நோட்டுக் கட்டிலிருந்து கட்டம் போட்ட கணக்கு நோட்டு ஒன்றைத் தனியாக எடுத்து வைத்தேன். இந்த வருஷம் எந்த கேம் விளையாடினாலும் அதில் எழுதித்தான் விளையாடுவது என்று முடிவு. அதற்கு முந்தின வருஷம் பத்துப் பன்னிரண்டு கேம் ஆரம்பித்து இரண்டைத்தான் முடித்திருந்தேன். மற்றதெல்லாம் எங்கே விட்டேன், எந்தச் சாவி எந்தக் கதவுக்கு என்று மறந்துபோய், திரும்பத் திறக்க மனசே வராமல் கிடந்தன. பாலக்கோடு பஸ் ஸ்டாண்டு பக்கம் எனக்கு ஜெராக்ஸ் கடை. ராத்திரி ஒன்பதுக்கு ஷட்டரை இறக்கிவிட்டு வந்து சாப்பிட்டு உட்கார்ந்தால் ஒரு மணி நேரம் கிடைக்கும். நடுவில் மூன்று நாள் விட்டுப்போனால் கதையே விட்டுப்போகும். நோட்டு அதற்காகத்தான்.

லேப்டாப் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. 8 ஜிபி ராம், தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. அதனால் வருஷத்தின் பெரிய பெயர்கள் பலவற்றை நான் தொடவே இல்லை. பிரான்சில் மோன்பெலியே ஊர்க்காரர்கள் செய்து, டிசம்பரில் வருஷத்தின் சிறந்த கேம் என்று விருது வாங்கிய 'கிளேர் ஆப்ஸ்க்யூர்: எக்ஸ்பெடிஷன் 33' இதில் ஓடாது. ஓடியவற்றை மட்டும் சொல்கிறேன்.

நோட்டின் முதல் ஆறு பக்கம் 'பலாட்ரோ'. 2024 பிப்ரவரியில் கம்ப்யூட்டருக்கு வந்து, அதே வருஷம் செப்டம்பரில் போனுக்கும் வந்த சீட்டு கேம். கனடாக்காரர் ஒருவர், லோக்கல் தங்க் என்ற புனைபெயரில், ஏறக்குறையத் தனியாளாகச் செய்தது. போக்கர் கணக்குத்தான்: ஜோடி, வரிசை, ஐந்து சீட்டும் ஒரே சின்னம். விழுகிற சீட்டுக்கு ஒரு புள்ளி, அதைப் பெருக்க ஒரு எண். முதல் கட்டத்துக்கு 300 புள்ளி போதும், எட்டாவது சுற்றுக்குள் அது மலையாக ஏறிவிடும். அதற்கு ஜோக்கர்கள் துணை. மொத்தம் 150 ஜோக்கர், கையில் ஐந்துதான் வைத்துக்கொள்ளலாம்.

ஒவ்வொரு ஆட்டமும் ஐந்தாவது சுற்றிலேயே முடிந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு கட்டம் தாண்டும்போதும் கையில் ஆட்டக் காசு மிச்சம் எவ்வளவு என்று எழுத ஆரம்பித்தேன். நாலு ஆட்டம் எழுதிப் பார்த்ததும் புரிந்துவிட்டது. கையில் இருக்கும் ஒவ்வொரு 5 டாலருக்கும் 1 டாலர் வட்டி, அதிகபட்சம் 5. அதாவது 25 டாலரைத் தொடாமல் வைத்திருந்தால் கட்டத்துக்குக் கட்டம் 5 டாலர் சும்மா வரும். நானோ ஆட்டத்துக்குள் ஜோக்கர் விற்கும் கடை திறந்ததும் எல்லாவற்றையும் வாரி இறைத்துக்கொண்டிருந்தேன். வட்டியைக் காப்பாற்ற ஆரம்பித்த பிறகு, பத்தொன்பதாவது ஆட்டத்தில் முதல் ஜெயிப்பு.

அம்மா ஒருநாள் போனை எட்டிப் பார்த்துவிட்டு, "சீட்டாடறியா கண்ணு?" என்று கேட்டாள். குரலில் பயம் இருந்தது. போனில் ரம்மி ஆடி வண்டியை விற்றவர், நகையை அடகில் முழுக விட்டவர் என்று எங்கள் தெருவிலேயே கதை உண்டு. ஆகஸ்டில் காசு வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்கு மத்திய அரசு சட்டம் போட்டுத் தடை கொண்டுவந்தபோது, அம்மாதான் டிவியைப் பார்த்துவிட்டு வந்து முதலில் சொன்னாள். உட்கார வைத்து ஒரு முழு ஆட்டம் காட்டினேன். ஒரு தடவை விலை கொடுத்து வாங்கியதோடு சரி, அதற்குப் பிறகு நிஜக் காசு உள்ளேயும் போகாது, வெளியேயும் வராது. ஐரோப்பாவில்கூட கேம்களுக்கு வயது முத்திரை குத்தும் அமைப்பு இதில் சூதாட்டக் காட்சி இருக்கிறது என்று 18 வயது முத்திரை குத்தி, 2025 பிப்ரவரியில் அதை 12 ஆகக் குறைத்தது. அம்மாவின் கேள்வி அந்த அமைப்பின் கேள்வியேதான். நியாயமான கேள்வி.

அந்தச் சமாதானத்துக்குப் பிறகுதான் அம்மாவுக்கு 'வெண்பா' காட்டத் தைரியம் வந்தது. டொரண்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் 2023-இல் வெளியிட்டது, 2024-இல் பிரிட்டிஷ் பாஃப்டாவின் அறிமுக கேம் விருதை வாங்கியது. 1988-இல் கனடாவில் குடியேறிய வெண்பா, பாவலன், அவர்கள் மகன் கவின். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். வெண்பாவிடம் அவள் அம்மா கொடுத்த சமையல் குறிப்பு நோட்டு இருக்கும். கிழிந்தும் எழுத்து அழிந்தும் கிடக்கும் அதிலிருந்து விட்டுப்போனதை நாம் ஊகித்துச் சமைக்க வேண்டும்.

முதல் சமையல் இட்லி. தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தேன். பின்னால் நின்ற அம்மா, "குழிக்கு நேரா குழி வைக்கிறியே, மேல்தட்டு போய் கீழ இட்லிமேல உக்காரும். திருப்பி வைடா" என்றாள். திருப்பி வைத்தேன். அதுதான் விடை. எங்கள் வீட்டு அடுப்பில் ஆயிரம் தடவை நடந்த காரியம், கம்ப்யூட்டரில் புதிராக வந்து நிற்கிறது, அம்மாவுக்கு அது புதிராகவே படவில்லை. புட்டுக் குழாய் வந்தபோது மட்டும் கொஞ்சம் யோசித்தாள். எங்கள் பக்கம் களிதான், புட்டு அபூர்வம். கவின் தமிழில் கேட்டதற்கு இங்கிலீஷில் பதில் சொல்லும் இடங்களில் அம்மா பேசவே இல்லை. முடிந்ததும், "அந்தப் பொண்ணு தனியா என்ன பண்ணுவா?" என்று மட்டும் கேட்டாள். நோட்டில் வெண்பாவுக்கு ஒரு பக்கம்தான். அதில் அம்மா சொன்னதைத் தவிர வேறு எதுவும் எழுதவில்லை.

வருஷத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தது எது என்று கேட்டால், யோசிக்காமல் 'ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்' என்பேன். லூகாஸ் போப் 2018-இல் வெளியிட்டது. பழசுதான், நான் போய்ச் சேர்ந்தது இந்த வருஷம்.

மே மாதம், பராமரிப்புக்காகக் காலையிலிருந்து மதியம் வரை கரண்ட் நிறுத்தும் நாள். கரண்ட் இல்லாமல் ஜெராக்ஸ் கடையில் என்ன வேலை? வீட்டுத் திண்ணையில் லேப்டாப்பைத் திறந்தேன். பேட்டரி இரண்டு மணி நேரம் தாங்கும். பக்கத்தில் விசிறியோடு அப்பா. "என்னடா அது, கலரே இல்லாம பழைய பேப்பர்ல வர்ற படமாட்டம் இருக்குது?"

உண்மைதான். இரண்டே நிறம், புள்ளியும் கோடுமாகப் படம். 1807-ஆம் வருஷம். காணாமல் போன வணிகக் கப்பல் ஒன்று ஆளே இல்லாமல் இங்கிலாந்தின் ஃபால்மவுத் துறைமுகத்துக்குத் திரும்பி வருகிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் இன்சூரன்ஸ் ஆய்வாளராக நாம் கப்பலில் ஏறுகிறோம். கையில் ஒரு கடிகாரம். எலும்புக்கூட்டின் பக்கத்தில் நின்று அதைத் திறந்தால், அந்த ஆள் சாகும்போது கேட்ட சத்தம் இருட்டில் கேட்கும். பிறகு அந்தக் கணம் அப்படியே சிலையாக உறைந்து நிற்கும். அதற்குள் நடந்து பார்க்கலாம். கப்பலில் இருந்தவர்கள் 60 பேர். ஒவ்வொருவரும் யார், எப்படிச் செத்தார், யார் கொன்றார் என்று பேரேட்டில் எழுத வேண்டும். மூன்று பேரைச் சரியாக எழுதினால்தான் அந்த மூன்றும் சரி என்று அச்சாகும். ஒன்று இரண்டு சரியாக இருந்தால் மூச்சு விடாது.

அப்பா 31 வருஷம் பஸ் கண்டக்டர். பாதி நாள் தர்மபுரியிலிருந்து பாலக்கோடு, ராயக்கோட்டை வழியாக ஓசூர் போகும் ரூட்டு. தக்காளிக் கூடைகளும் சந்தைக் கூட்டமுமாக நிற்கிற பஸ்ஸில் டிக்கெட் எடுக்காதவரை அவர் முகத்தைப் பார்த்தே பிடிப்பார் என்று பேர். நான் கப்பலில் ஆட்களை ஒவ்வொரு முகமாகப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா சொன்னார்: "மூஞ்சியப் பாத்தா பேரு எப்படித் தெரியும்? யாருகூட நிக்கிறான்னு பாரு. கூட்டாளி யாரு, யாரு சாப்பாடு போட்டா யாரு திங்கறா, அதப் பாரு."

அங்கேதான் ஆட்டம் மாறியது. நோட்டில் கட்டம் போதவில்லை. மறுநாள் கடையில் ஏ3 தாளில் 60 வரிசை போட்டு அடித்துக்கொண்டு வந்தேன். முகம், வேலை, எந்தக் காட்சியில் வந்தார், கூட யார், எங்கள் ஊகம் என்று ஐந்து பத்தி. ஊகம் பென்சில், அச்சானது பேனா. அப்பாவுக்கு இங்கிலீஷ் படிக்கச் சிரமம். ஆள் பட்டியலை நான் வாசிப்பேன், அவர் மனசில் வைத்துக்கொள்வார். தச்சர், மருத்துவர், பாய்மரம் ஏறுகிறவர், சமையற்காரர். பட்டியலில் சில பெயர்களுக்கு எதிரே ஊர் என்ற இடத்தில் இந்தியா என்று இருந்தது. வாசித்ததும் அப்பா நிமிர்ந்தார். "நம்மாளுங்களும் இருக்கறாங்களா? அவங்கள மொதல்ல கண்டுபிடி."

முதலில் கண்டுபிடிக்க முடியவில்லை. இரண்டு வாரம் பிடித்தது. மாலுமிகள் கீழ்த்தளத்தில் துணித் தூளி கட்டித் தூங்கும் காட்சி ஒன்று. நான் தூங்குகிறவர்களின் முகத்தைத் தேடிக்கொண்டிருந்தபோது அப்பா, "அந்தத் தூளில நம்பர் எழுதியிருக்குது பாரு, சீட்டு நம்பராட்டம்" என்றார். பட்டியலைத் திறந்தேன். பெயர்களுக்கு முன்னால் வரிசை எண். அதே எண். எத்தனையோ தடவை அந்தப் பட்டியலை நானே வாசித்துக் காட்டியிருக்கிறேன், அந்த எண் எதற்கு என்று எனக்குத் தோன்றவே இல்லை. அன்றைக்கு ஒரே உட்காரலில் ஒன்பது பேர் பேனாவுக்கு மாறினார்கள்.

மூன்று மூன்றாக அச்சாவதால், இரண்டு உறுதியாகத் தெரிந்தால் மூன்றாவதற்கு ஒவ்வொரு பேராகப் போட்டுப் பார்த்தே முடித்துவிடலாம். நான் ஒரு தடவை அப்படிச் செய்யப் போனேன். அப்பா விடவில்லை. "குத்துமதிப்பா போடாத. அவன் செத்துக் கெடக்கறான், பேரு மாத்தி எழுதலாமா?" ஒருவரைக் காலில் போட்டிருந்ததை வைத்தே கண்டுபிடித்தோம். யார் என்று சொன்னால் விளையாடப் போகிறவர்களுக்கு ருசி போய்விடும். ஜூலை கடைசி ஞாயிறு, பதினான்காவது உட்காரலில் 60 பேரும் முடிந்தார்கள். அந்த ஏ3 தாளை அப்பா மடித்து, ரிட்டயர்மென்ட் பேப்பர் வைத்திருக்கும் பையில் வைத்திருக்கிறார்.

செப்டம்பர் 4 சாயங்காலம் ஏழரைக்கு 'ஹாலோ நைட்: சில்க்சாங்'. 2019 பிப்ரவரியில் அறிவித்ததிலிருந்து காத்திருந்தேன். ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு நகரத்துச் சின்னக் குழு, முதல் கேமுக்கு இணைப்பாகத் தொடங்கியது வளர்ந்து வளர்ந்து தனி கேமாகிவிட்டது. வெளியான நேரத்தில் உலகமே ஒன்றாக மோதியதில் வாங்கும் தளம் திறக்கவே இல்லை. பத்தரை மணிக்குத்தான் எனக்குக் கிடைத்தது. இந்த லேப்டாப்பில் தடங்கல் இல்லாமல் ஓடுகிறது, அதுவே பெரிய சந்தோஷம்.

ஹார்னெட் என்கிற ஊசிக்காரி, ஃபார்லூம் என்கிற பூச்சி நாட்டில் கீழேயிருந்து உச்சிக்கு ஏறுகிறாள். பல பகுதிகளுக்கு வரைபடம் விற்கும் ஷக்ரா எங்கேயோ பாடிக்கொண்டிருப்பாள். அவளைக் கண்டுபிடிக்கும்வரை வெறும் இருட்டுதான். அங்கே கணக்கு நோட்டின் கட்டம் கைகொடுத்தது. ஒரு அறைக்கு ஒரு கட்டம், பூட்டிய கதவுக்குச் சிவப்பு, எட்டாத மேட்டுக்கு நீலம். பின்னால் புதிதாக ஒரு திறமை கிடைக்கும்போது நீலப் புள்ளிகளை மட்டும் சுற்றி வந்தால் போதும். எனக்கு அந்தச் சுற்றுகள்தான் சண்டைகளைவிட இனிப்பு.

சண்டை கடினம், மறைக்க ஒன்றுமில்லை. ஆரம்பத்தில் ஐந்து உயிர் முகமூடி. பெரிய எதிரிகள் பலர் ஒரே அடியில் இரண்டைப் பறிப்பார்கள். ஒன்பது இழை பட்டு சேர்ந்தால் அதைக் கட்டி மூன்று முகமூடியைத் திரும்பப் பெறலாம், ஆனால் கட்டும் அந்தக் கணம் அசைய முடியாது. சிட்டடல் கோட்டை வாசலில் நிற்கும் 'லாஸ்ட் ஜட்ஜ்' என்கிற பெரிய எதிரி சங்கிலியில் தூபக்கால் போல ஒன்றைச் சுழற்றி அடிக்கும். அதற்கு ஒரு தனிப் பக்கம். முதலில் வெறும் கோடு போட்டு எண்ணினேன். இருபது தாண்டியதும் எப்படிச் செத்தேன் என்றும் எழுதினேன். 47 சாவில் 19, உயிர் கட்டப் போன நேரத்தில். பயந்துபோய் அவசரமாகக் கட்டியிருக்கிறேன். தூபக்கால் தரையில் அடித்துத் திரும்பும் இடைவெளியில் மட்டும் கட்டுவது என்று வைத்துக்கொண்டேன். கூடவே ஹார்னெட்டின் குறுக்கு வெட்டுப் பாய்ச்சலை விட்டுவிட்டு, நேராகக் கீழே குத்தும் 'வாண்டரர்' முத்திரைக்கு மாறினேன். 48-ஆவது தடவை விழுந்தது. செத்த பிறகும் வெடிக்கும், ஜெயித்த சந்தோஷத்தில் பக்கத்தில் நிற்காதீர்கள். சிட்டடலுக்கு வேறொரு வழியும் உண்டு என்று பிறகு தெரிந்தது, வருத்தமில்லை.

தீபாவளிக்கு ஓசூரில் அக்கா வீட்டில் இரண்டு நாள். அக்கா பையனின் கம்ப்யூட்டரில் 'ப்ளூ பிரின்ஸ்' பார்த்தேன். 45 அறை மாளிகையில் 46-ஆவது அறையைத் தேட வேண்டும், ஒவ்வொரு கதவைத் திறக்கும்போதும் எந்த அறை வர வேண்டும் என்று மூன்றில் ஒன்றை நாமே எடுக்க வேண்டும், மறுநாள் வீடு கலைந்துவிடும். "மாமா, நோட்டு எடுத்துக்கோ, இதுக்கு வேணும்" என்று அவனே நோட்டு கொடுத்தான். கேமின் கணக்கில் ஆறு நாள் ஆடியதோடு ஊர் திரும்ப வேண்டியதாகிவிட்டது. அதற்குமேல் சொல்ல எனக்குத் தகுதியில்லை, ஆசை மட்டும் இருக்கிறது.

டிசம்பர் 31 நிலவரம்: சில்க்சாங்கில் இரண்டாம் பாகம், சிட்டடலுக்குள். நோட்டில் சிவப்பு 11, நீலம் 4 பாக்கி. அப்பாவுக்கு லூகாஸ் போப் 2013-இல் செய்த இன்னொரு கேமை வாங்கி வைத்திருக்கிறேன். 'பேப்பர்ஸ், ப்ளீஸ்'. எல்லைச் சாவடியில் உட்கார்ந்து பாஸ்போர்ட்டும் பர்மிட்டும் சரியா என்று பார்த்து ஆளை விடுகிற வேலை.

"டிக்கெட் செக்கிங்காட்டமா?" என்றார்.

"அப்படித்தான்ப்பா. கூட்டம் ஜாஸ்தி, நேரம் கம்மி."

மூக்குக் கண்ணாடியைத் துடைக்கக் கொடுத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஆரம்பிக்கிறோம்.