அழாத புள்ளைக்கும் வலிக்கும்

எமர்ஜென்சில பக்கத்து பெட்ல ஒரு பையன், ஆறு வயசு இருக்கும், கை உடைஞ்சு வந்திருந்தான். சத்தமே இல்ல. அவங்கப்பா "என் புள்ள தைரியசாலி, அழவே மாட்டான்"னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருந்தாரு.

நர்ஸ், சிரிப்புலேர்ந்து அழுகை வரைக்கும் வரிசையா முகம் வரைஞ்ச அட்டைய நீட்டி "எவ்ளோ வலிக்குதோ அந்த முகத்தக் காட்டுடா தம்பி"ன்னாங்க. விரல் மொத முகத்துல ஆரம்பிச்சு ஒவ்வொண்ணா நகர்ந்து கடைசி முகத்துல போய் நின்னுச்சு.

அப்பா பேச்ச நிறுத்திட்டாரு.

உடனே மூக்குல ஃபென்டனைல்ங்கிற வலி மருந்து ஸ்ப்ரே. ஊசியே வேணாம், பத்து நிமிஷத்துல வேலை செய்ய ஆரம்பிச்சுடும். அதுக்கப்புறம்தான் எக்ஸ்ரே. இந்த வரிசைதாங்க சரி, ஆனா நெறைய இடத்துல எக்ஸ்ரே, கட்டு எல்லாம் முடிஞ்சு கடைசிலதான் வலிக்கு மருந்து.

1980கள் வரைக்கும் பச்சக்கொழந்தைக்கு வலி தெரியாதுன்னு நம்பி, வலி மருந்தே சரியா குடுக்காம ஆபரேஷன் பண்ணிருக்காங்க, நெனச்சாலே வயிறு கலங்குது. 1987ல டாக்டர் ஆனந்த் குழுவோட ஆய்வு லான்செட்ங்கிற மருத்துவ இதழ்ல வந்துச்சு, ஃபென்டனைல் சேத்துக் குடுத்த குறைமாசக் கொழந்தைங்களுக்கு ஆபரேஷனுக்கு அப்புறம் சிக்கல் கம்மின்னு.

இப்ப வழி நெறைய இருக்கு. ஊசி போடுற எடத்துல மரத்துப்போற க்ரீம் தடவலாம், ஆனா ஒரு மணி நேரம் முன்னாடியே தடவணும். கைக்கொழந்தைக்கு ஊசிக்கு ரெண்டு நிமிஷம் முன்ன நாக்குல சர்க்கரைக் கரைசல், இல்லன்னா பால் குடுத்துக்கிட்டே போடலாம். பெரிய புள்ளைய நாலு பேர் அமுக்கிப் புடிக்காம அம்மா மடில ஒக்கார வச்சே போடலாம்.

உள்ள போனதுமே "வலிக்கு என்ன குடுக்கப் போறீங்க"ன்னு கேளுங்க, எக்ஸ்ரேக்கு முன்னாடியே.