சூளையின் மேல் பழி போடுவதற்கு முன்

சூளையிலிருந்து விரிசலோடு வெளிவரும் பீஸுக்குச் சூளைக்காரரைக் கேள்வி கேட்பது எங்கள் தொழிலில் ஊறிப்போன வழக்கம். சூடு வேகமாக ஏறியதா, எந்த அடுக்கில் இருந்தது, எத்தனை மணிக்குக் கதவைத் திறந்தார்கள் என்று விசாரணை அங்கிருந்துதான் தொடங்கும். அலுமினா (அலுமினியம் ஆக்சைடு), சிர்கோனியா (சிர்கோனியம் ஆக்சைடு) போன்ற செராமிக் பவுடர்களை அழுத்தியும் வார்த்தும் சுட்டும் பாகங்கள் செய்கிற தொழிலில் பல ஆண்டுகள் இருந்துவிட்டேன். விரிசல்களில் பெரும்பாலானவை சூளைக்குள் பிறப்பதில்லை என்று இப்போது உறுதியாகச் சொல்வேன். பவுடரைக் கலக்கும்போது, டையில், அதாவது அழுத்தும் அச்சில், நிரப்பும்போது, பீஸை உலர்த்தும்போது அவை பிறந்துவிடுகின்றன. சூளை அவற்றைக் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு வளர்த்துக் கொடுக்கிறது, அவ்வளவுதான்.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவை உடைந்த பீஸ்கள். உடைந்த முகத்தை லென்ஸில் பார்த்தால் வழுவழுப்பான ஒரு சிறு வட்டம் தெரியும். அதைச் சுற்றிச் சொரசொரப்பு. சொரசொரப்பிலிருந்து விசிறி விரிகிற கோடுகள். அந்தக் கோடுகளைப் பின்னோக்கித் தொடர்ந்தால் வட்டத்தின் நடுவில் கொண்டுபோய் நிறுத்தும். விரிசல் கிளம்பிய இடம் அதுதான். ஓர் அலுமினா இன்சுலேட்டரில் அந்த இடத்தை மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தபோது தெரிந்தது, வளைய வடிவில் ஒரு குழி. பவுடர் கலந்த குழம்பான ஸ்லரியைத் துளிகளாகத் தூவி, உலர்ந்த மணிகளாக்குவது ஸ்ப்ரே டிரையர். அதில் ஸ்லரித் துளி சூடான காற்றில் உலரும்போது சில சமயம் வெளித்தோல் முதலில் இறுகிவிடும். உள்ளே இருக்கும் தண்ணீர் வெளியேற, மணியின் நடுப்பகுதி பள்ளமாகிவிடும். அப்படிப் பள்ளம் விழுந்த ஒரு மணி, தோல் கெட்டியாக இருந்ததால் பிரஸ்ஸின் அழுத்தத்துக்கும் நசுங்கவில்லை. 1,600 டிகிரி சூட்டிலும் அந்த வெற்றிடம் மூடவில்லை. அந்த இன்சுலேட்டரின் முடிவு சூளைக்குப் பல நாள் முன்பே, ஒரு துளி உலர்ந்த சில நொடிகளில் எழுதப்பட்டுவிட்டது.

அலுமினா உருகுவது 2,000 டிகிரி செல்சியஸுக்கும் மேலே. உலோகத்தைப் போல உருக்கி அச்சில் ஊற்றுவது நடைமுறைக்கு ஒத்துவராது. சுட்ட பிறகு தேய்த்து வடிவத்துக்குக் கொண்டுவரலாம் என்றால் வைரச் சக்கரம் வேண்டும். அந்தச் செலவு கட்டுப்படியாகாது. ஆகவே பவுடராக இருக்கும்போதே வடிவத்தைக் கொடுத்தாக வேண்டும். பவுடரோ தானாக ஒட்டிக்கொண்டு நிற்காது. தண்ணீர், பைண்டர் என்கிற ஒட்டுப்பொருள், மெழுகு, ரெசின் என்று எதையாவது சேர்த்தால்தான் நிற்கும். சேர்த்த அத்தனையும் முழுச்சூடு ஏறுவதற்குள் வெளியேறியும் ஆக வேண்டும். யாரும் சேர்க்காமலே உள்ளே வந்து உட்கார்ந்துகொண்ட காற்றும் போயாக வேண்டும். இந்தத் துறையின் பெரிய கண்டுபிடிப்புகள் எவை என்று கேட்டால் பலரும் புதிய பொருள்களின் பெயர்களைச் சொல்வார்கள். என் மனத்தில் முதலில் வருபவை, உள்ளே சேர்த்ததைத் தடம் தெரியாமல் வெளியேற்ற வழி கண்டவை.

ஸ்லிப் எனப்படும் களிமண் குழம்பைப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றி வடிவமெடுக்கும் ஸ்லிப் காஸ்டிங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். களிமண் துகள்கள் மிக மெல்லிய தகடுகள். கயோலினில் தகட்டின் முகத்தில் எதிர் மின்னூட்டம் இருக்கும்; ஓரங்களில் பல நிலைமைகளில் நேர் மின்னூட்டம் இருக்கும். ஓரம் போய் முகத்தில் ஒட்ட, சீட்டுக்கட்டில் கட்டிய வீடு போல ஓர் அமைப்பு உண்டாகி, அதன் அறைகளுக்குள் தண்ணீர் சிறைப்பட்டுவிடும். அதனால் ஊற்றுகிற பதத்துக்கு இளக்க நிறையத் தண்ணீர் தேவைப்படும். அவ்வளவு தண்ணீரும் வெளியேறும்போது சுருக்கம் அதிகம், கோணல் அதிகம், விரிசல் அதிகம். இதற்கு வந்த தீர்வு, உலர் எடையில் அரை சதவீதத்துக்கும் குறைவான சோடியம் சிலிக்கேட். துடுப்பில் எடுத்தால் கட்டியாக நிற்கிற சேறு, அதைச் சேர்த்துக் கலக்கிக்கொண்டிருக்கும்போதே கைக்கு லேசாகும். கொஞ்ச நேரத்தில் துடுப்பின் நுனியிலிருந்து அறுபடாத நூலாக இறங்கும். தண்ணீர் கூடுதலாகச் சேர்ந்திருக்காது. துகள்கள் ஒன்றை ஒன்று விலக்கத் தொடங்கியதால், சிறைப்பட்டிருந்த தண்ணீர் விடுபட்டிருக்கும். அளவு மீறினால் மறுபடி கெட்டியாகிவிடும் என்பதால் இதில் அவசரம் கூடாது.

ஸ்லிப் அறையில் மூத்த ஆபரேட்டர் ஒருவர் இருந்தார். பாகுநிலையை அளக்கும் கருவி பக்கத்திலேயே இருக்கும். அவர் துடுப்பைத் தூக்கி ஸ்லிப் இறங்குவதைப் பார்ப்பார். "இது இன்னும் பக்குவப்படல தம்பி, ராத்திரி முழுக்க ஓடட்டும்" என்பார். காலையில் கருவியில் வைத்தால் அளவு மாறியிருக்கும், அவர் சொன்ன பக்கமாகவே. வேதியியல் அவர் படித்ததில்லை. துகள்கள் முழுதாக நனைந்து, சேர்த்த சிலிக்கேட்டோடு சமநிலைக்கு வர நேரம் பிடிக்கும் என்பதை நூலின் மெலிவைப் பார்த்தே தெரிந்துவைத்திருந்தார். அவரோடு நின்ற மாலைகளில் நான் கற்றது, பின்னால் படித்த பல கட்டுரைகளைப் புரிந்துகொள்ள உதவியது.

பிளாஸ்டர் அச்சின் வேலையும் வெறும் உறிஞ்சுதல் மட்டும் அல்ல. அதன் நுண்துளைகள் தண்ணீரை இழுக்கும். கூடவே அதிலிருந்து கரைந்து வரும் கால்சியம், சுவரருகே வரும் துகள்களை மறுபடி ஒன்றுகூட்டுகிறது. பாத்திரத்தில் இருக்கும்வரை விலகி நிற்க வேண்டிய துகள்கள், சுவரைத் தொட்டதும் சேர்ந்துகொள்ள வேண்டும். இரண்டும் ஒரே நாளில், ஒரே ஸ்லிப்பில் நடக்கிறது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு இதில் வியப்பு குறையவில்லை.

தண்ணீரையே கிட்டத்தட்ட விட்டுவிட்டால் என்ன என்று யோசித்தவர் ரிச்சர்ட் பிராசர். சற்றே ஈரமான களிமண் தூளை இரும்பு டைகளுக்கு நடுவே அழுத்தும் முறைக்கு 1840இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். பொத்தான்களில் தொடங்கிய அது, ஹெர்பர்ட் மின்டன் கையில் ஓடுகளுக்கு வந்தது. இன்று தரையில் மிதிக்கிற டைல்ஸ் பெரும்பாலும் அந்தக் கொள்கையில்தான் உருவாகின்றன. ஆனால் உலர் அழுத்தத்தில் வேறு சிக்கல் உண்டு. டைச் சுவரோடு பவுடர் உரசுவதால் அழுத்தம் எல்லா இடத்துக்கும் சமமாகப் போய்ச் சேராது. மேலிருந்து அழுத்தினால் மேல் ஓரம் இறுகும், கீழே தளர்வாக இருக்கும். தளர்ந்த பகுதி சூளையில் அதிகம் சுருங்கும். பீஸ் கீழ்நோக்கிக் குறுகும் அல்லது வளையும். டையிலிருந்து வெளியே தள்ளும்போது பீஸ் மிகச் சிறிதளவு விரியவும் செய்யும். பாதி வெளியே, பாதி உள்ளே இருக்கும் அந்தக் கணத்தில், விளிம்பை ஒட்டிக் குறுக்கே மயிரிழையாக ஒரு பிளவு விழும். சுடுவதற்கு முன் சாய்வான வெளிச்சத்தில் பார்த்தால்தான் அது தெரியும். ஒரு சொட்டு ஆல்கஹால் தடவினால், மற்ற இடமெல்லாம் உலர்ந்த பிறகும் அந்த ஒரு கோடு மட்டும் ஈரமாக நிற்கும்.

அழுத்தத்தை எல்லாப் பக்கமும் சமமாக்க, பவுடரை ரப்பர் உறைக்குள் போட்டுத் திரவத்தின் நடுவே அழுத்துவது ஐசோஸ்டாடிக் முறை. உலோகத் தூளுக்காக 1913இல் காப்புரிமை பெற்ற இந்த வழி, 1930களில் ஸ்பார்க் பிளக் இன்சுலேட்டர்களுக்கு வந்தது. நீளமான, நடுவில் துளையுள்ள, கனம் மாறுகிற அந்தச் சிறு உருவத்தை லட்சக்கணக்கில் ஒரே சீராகச் செய்ய முடிந்தது இதனால்தான். நல்ல பவுடர் அமைந்து, அழுத்திய பீஸில் முழு அடர்த்தியின் 58 சதவீதம் வந்தால், சுட்ட பின் அது நீளத்தில் ஏறக்குறைய 16 சதவீதம் சுருங்கும். 100 மி.மீ. பாகம் வேண்டுமென்றால் 119 மி.மீ. அளவுக்கு அழுத்த வேண்டும். அந்த 19 மி.மீ. முழுவதும், துகள்களுக்கு நடுவே இருந்த வெற்றிடம். அடர்த்தி ஒரு பக்கம் 57, மறுபக்கம் 59 என்று இருந்துவிட்டால் சூளைக்காரர் என்ன செய்ய முடியும்?

மெல்லிய தாள்களுக்கு வழி கண்டவர் க்ளென் ஹோவாட். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் மின்தேக்கிகளுக்கான மைக்கா என்ற கனிமத்துக்குத் தட்டுப்பாடு வந்தது. ஸ்லரியைப் பரப்பி, ஒரு கத்தி விளிம்பால் சீராக வழித்து, உலர்த்தித் தாளாக எடுக்கும் டேப் காஸ்டிங்கை அவரும் உடன் பணியாற்றியவர்களும் 1947இல் கட்டுரையாக வெளியிட்டார்கள். 1952இல் காப்புரிமை வந்தது. இன்று கைபேசிக்குள் இருக்கும் நூற்றுக்கணக்கான சிறு மின்தேக்கிகள் இந்த வழியில் வந்த அடுக்குகள். சிலவற்றில் ஓர் அடுக்கின் தடிமன் ஒரு மைக்ரானுக்கும் குறைவு.

காற்றை வெளியேற்றிய கதைதான் எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது. 1950களில் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வுக்கூடத்தில் ராபர்ட் கோபிள், அலுமினா ஏன் முழு அடர்த்தியை எட்ட மறுக்கிறது என்று ஆராய்ந்தார். சுடும்போது துகள்கள் வளர்கின்றன. துகள் எல்லைகள் நகர்கின்றன. நுண்துளை எல்லையோடு ஒட்டியிருக்கும் வரை அதிலுள்ள வெற்றிடம் எல்லை வழியே வடிந்துபோகும். எல்லை வேகமாக நகர்ந்து துளையைப் பின்னால் விட்டுவிட்டால், அந்தத் துளை துகளின் வயிற்றுக்குள் சிக்கிவிடும். பிறகு எவ்வளவு நேரம் சுட்டாலும் பயனில்லை. கால் சதவீத அளவில் மெக்னீசியா (மெக்னீசியம் ஆக்சைடு) சேர்த்தால் எல்லைகளின் ஓட்டம் அடங்குகிறது என்று அவர் கண்டார். இன்னொன்றையும் காட்டினார்: துளைக்குள் எந்த வாயு இருக்கிறது என்பதும் முடிவை மாற்றும். ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் அலுமினா வழியே ஊடுருவி வெளியேறிவிடும். நைட்ரஜன் உள்ளேயே நின்று, துளை மூட விடாமல் எதிர்த்து அழுத்தும். 1962இல் காப்புரிமை பெற்ற அந்த ஒளி ஊடுருவும் அலுமினாதான் உயர் அழுத்த சோடியம் விளக்குகளின் குழாயானது.

அந்தக் குழாயைக் கையில் வாங்கி விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் எங்கள் வழக்கமான அலுமினாக் குழாயையும் பிடித்தேன். சாதாரணக் கண்ணுக்கு இரண்டும் வெள்ளை. வெளிச்சத்தில் ஒன்று சுவர் போல நின்றது, மற்றது உள்ளிருந்தே எரிவது போல நிறைந்தது. வித்தியாசம் முழுக்க, உள்ளே சிக்கிக்கொண்ட காற்று. அன்றிலிருந்து அடர்த்தி அளவீட்டில் வரும் 98.5 என்ற எண்ணை நான் திருப்தியோடு பார்த்ததில்லை. மீதி 1.5 சதவீதம் துகள் எல்லையில் இருக்கிறதா, துகளுக்குள் இருக்கிறதா என்று கேட்காமல் அந்த எண்ணுக்குப் பொருள் இல்லை.

வெற்றிடத்தை வேண்டுமென்றே வைத்த கண்டுபிடிப்பும் உண்டு: கார்களின் புகையைச் சுத்திகரிக்கும் தேன்கூடு. 1970களின் தொடக்கத்தில் கார்னிங் நிறுவனத்தில் ராட்னி பாக்லி அதற்கான டையை வடிவமைத்தார். டையின் பின்பக்கம் வட்டத் துளைகள், முன்பக்கம் குறுக்கும் நெடுக்குமான மெல்லிய பிளவுகள். துளை வழியே வந்த கலவை பிளவுகளில் பக்கவாட்டில் பரவி, பக்கத்துத் துளையிலிருந்து வந்ததோடு ஒட்டிக்கொண்டு, வெளிவரும்போது சதுர அறைகளின் வலையாக வரும். பொருளைக் கவனித்தவர்கள் இர்வின் லாக்மனும் ரொனால்ட் லூயிஸும். களிமண் தகடுகள் அந்தக் குறுகிய பிளவில் நுழையும்போது சுவருக்கு இணையாகப் படுத்துவிடுகின்றன. சுடும்போது அதிலிருந்து பிறக்கும் கார்டியரைட் என்ற செராமிக்கின் படிகங்களும் ஒரே ஒழுங்கில் அமைகின்றன. அதனால் வெப்ப விரிவு குறைகிறது, சூடான புகையின் திடீர்த் தாக்குதலை தேன்கூடு தாங்குகிறது. பொருளின் குணத்தைக் கலவை மட்டும் தீர்மானிக்கவில்லை. அதைத் தள்ளிய விதமும் சேர்ந்து தீர்மானித்திருக்கிறது. இதில் சேர்க்கும் மெத்தில் செல்லுலோஸும் கெட்டிக்காரப் பைண்டர். பெரும்பாலான பசைகள் சூடானால் இளகும். இது சூடானால் இறுகும். உலர்த்தும்போது தொய்ந்துவிடக்கூடிய மெல்லிய சுவர்களை, சரியாக அந்த நேரத்தில் தாங்கிப் பிடிக்கிறது.

இன்ஜெக்‌ஷன் மோல்டிங்கில், அதாவது சூட்டில் இளகிய கலவையை அச்சுக்குள் செலுத்தும் முறையில், நிலைமை தலைகீழ். பாய்வதற்காக கன அளவில் பாதி வரைகூட பாலிமரும் மெழுகும் சேர்க்க வேண்டியிருக்கும். சூடாக்கி எரித்தால் உள்ளே எழும் வாயு வழி தெரியாமல் பீஸை உப்ப வைக்கும். பாலிஅசிட்டால் என்ற பிளாஸ்டிக்கைப் பைண்டராக வைத்து, அது உருகும் சூட்டுக்குக் கீழேயே நைட்ரிக் அமில ஆவியால் வெளியிலிருந்து உள்ளாகப் படிப்படியாகச் சிதைக்கும் பிஏஎஸ்எஃப் நிறுவனத்தின் வழி இதற்கு அருமையான பதில். வாயு வெளியேறுவதற்கான பாதை, அதற்கு முன்பே காலியான பகுதியாக இருக்கிறது.

விரிசல் முனையின் இழுப்புப் பட்டால் படிக அமைப்பை மாற்றி விரிசலை இறுக்கிப் பிடிக்கும் சிர்கோனியாவைப் பற்றிய 1975ஆம் ஆண்டு ஆய்வைச் சொல்லாமல் விட்டால் இளைஞர்கள் கோபிப்பார்கள். பெரிய சாதனைதான். ஆனாலும் பைண்டர் வெளியேறாமல் விட்ட ஒரு பெரிய குழிக்கு முன்னால் அந்தச் சிர்கோனியாவும் உடையத்தான் செய்கிறது. உடைந்த முகங்களைப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

இப்போது என் மேசையில் இருப்பது ஒளியால் அச்சிடும் முறை. பவுடர் கலந்த ரெசினை அடுக்கு அடுக்காக ஒளி பட்டு இறுகச் செய்து, எந்த டையாலும் வராத வடிவங்களை எடுக்கலாம். அலுமினாவில் இது ஒத்துழைக்கிறது. கறுப்பான சிலிக்கன் கார்பைடு ஒளியை விழுங்கிவிடுவதால் அடுக்கு சரியாக இறுகுவதே கடினம். எதில் அச்சிட்டாலும் பழைய கணக்கு வந்து நிற்கிறது: இத்தனை ரெசினும் வெளியே போக வேண்டும். மெல்லிய சுவர்கள் தப்பிக்கின்றன. சில மில்லிமீட்டர் தடிமன் தாண்டினால் எரிப்பு நாள்கணக்கில் நீள்கிறது. இன்னொரு பக்கம், பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் கிளைவ் ராண்டாலின் குழு 2016இல் வெளியிட்ட குளிர் சின்டரிங் (சின்டரிங் என்றால் துகள்களை இணைத்து அடர்த்தியாக்குவது), கொஞ்சம் தண்ணீரும் பலத்த அழுத்தமும் வைத்து 300 டிகிரிக்கும் கீழேயே சில பொருள்களை அடர்த்தியாக்குகிறது. அங்கே தண்ணீர் வெளியேறுவதே அடர்த்தி ஏறும் வழி. புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு நான் முதல் வாரம் சூளை அட்டவணையைக் கொடுப்பதில்லை. சூடு ஏற ஏற பீஸின் எடை குறையும் வரைபடத்தைக் கொடுத்து, எந்தச் சூட்டில் எது வெளியேறுகிறது, எந்த வழியாகப் போகிறது என்று பீஸின் வரைபடத்தில் குறித்துவரச் சொல்கிறேன். சூட்டை எவ்வளவு வேகமாக ஏற்றலாம் என்பதை அந்தக் குறிப்புகளை வைத்து அவர்களே முடிவு செய்கிறார்கள்.