பன்னிரண்டு ஏக்கரும் ஏழு இரவல் மாடுகளும்

காணி வாங்கும்போது புல்லைப் பற்றி நாங்கள் யோசிக்கவே இல்லை. மெல்பேர்ண் புறநகர் ஒன்றில் பதினேழு வருடம் இருந்துவிட்டு, கிப்ஸ்லாந்துப் பக்கம் 12 ஏக்கரோடு ஒரு பழைய வீட்டை வாங்கினோம். எங்கள் யாழ்ப்பாணக் கணக்கில் 16 பரப்பு ஒரு ஏக்கர் என்றால் 192 பரப்பு. கோப்பாயில் எங்கள் வளவும் தோட்டமும் சேர்ந்தே 9 பரப்புத்தான். தொலைபேசியில் சொன்னபோது அம்மா கேட்டது ஒன்றுதான்: "அவ்வளவையும் ஆர் தம்பி கொத்துறது?"

கொத்துவதை விடுங்கள், வெட்டி முடியவில்லை. செப்டெம்பரில் கணுக்கால் அளவில் நின்ற புல் நவம்பரில் இடுப்பைத் தொட்டது. காட்டு நெருப்புக் காலம் தொடங்க முன் வெட்டாவிட்டால் நாங்களே ஆள் விட்டு வெட்டி உங்களுக்குக் கணக்கு அனுப்புவோம் என்று உள்ளூராட்சியிடமிருந்து கடிதம். ரக்ரர்காரர் சொன்ன விலையைக் கேட்டுவிட்டு முற்றத்தில் நின்று யோசித்துக்கொண்டிருந்த அன்று, றோட்டுக்கு மறுபக்கத்து விவசாயி படலையடிக்கு வந்தார். தன்னிடம் ஏழு நாம்பன் மேலதிகமாக நிற்கிறது, உன் காணியில் விடட்டுமா, தலைக்கு வாரம் ஆறு டொலர் தருகிறேன் என்றார்.

எனக்குப் பேச்சு வரவில்லை. காரணம் இதுதான். எங்கள் ஊரில் வெங்காயம், புகையிலை நடமுன் தோட்டத்தில் பட்டி அடைப்பார்கள். அப்பா பட்டிக்காரர் வீட்டுக்கு இரண்டு மூன்று தரம் நடப்பார். இரவில் மாடுகளைத் தோட்டத்தில் அடைத்து, அடுத்த இரவு பட்டியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டு, முழுத் தறையிலும் சாணமும் சலமும் படுகிற மாதிரிச் செய்வார்கள். அதற்குக் காசு கொடுத்தது நாங்கள். மாடு வந்து போவது காணிக்குக் கிடைத்த வரம், அதற்கு மாட்டுக்காரனுக்குக் கூலி. இங்கே மாட்டுக்காரன் எனக்குக் காசு தருகிறேன் என்கிறான், சாணமும் எனக்கே! என் மௌனத்தை அவர் பேரம் என்று எடுத்துக்கொண்டார் போல. "சரி, ஆறரை" என்றார்.

ஏழு மாட்டுக்கு வாரம் 45 டொலர் 50 சதம். காருக்கு ஒரு தரம் பெற்றோல் நிரப்பவும் காணாது. ஆனால் புல் வெட்டும் செலவு இல்லையே.

அப்புறம் கடதாசி வேலை. எங்கள் விக்டோரியா மாநிலத்தில் ஒரேயொரு மாடு நின்றாலும் அந்தக் காணிக்கு அடையாள இலக்கம் இருக்க வேண்டும். அது இலவசம்தான். மாட்டின் காதில், பிறந்த பண்ணையிலேயே குத்திய வெள்ளை வில்லை, உள்ளே சிப். ஊரில் தொடையில் குறிசுடுவதற்குப் பதில் இது. மாடு என் காணிக்கு வந்தால், அது றோட்டைக் கடந்து மட்டுமே வந்தாலும், சொந்தக்காரர் மாறாவிட்டாலும், இரண்டு நாளுக்குள் கணினியில் பதிய வேண்டியது மாட்டைப் பொறுப்பேற்கிற நான். அது எனக்கு முதலில் விளங்கவில்லை. மருந்துச் செலவு ஆருக்கு, வேலி உடைந்தால் ஆர் திருத்துவது, மாடு செத்தால் ஆர் பொறுப்பு என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்க வைத்தது மனைவி. அயலவரிடம் போய் இதையெல்லாம் கேட்பதா என்று எனக்குக் கூச்சம். அவரோ வாசித்துப் பாராமலே கையெழுத்துப் போட்டார்.

காலையில் எழும்பினால் முதல் வேலை எண்ணுவது. ஏழு இருக்கிறதா? தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா? வெயில் நாளில் ஒரு மாடு 50 லீட்டருக்கு மேல் குடிக்கும். குளோவர் என்ற தீவனச் செடியை மேய்ந்தால் இடப்பக்க வயிறு ஊதும், கவனிக்காவிட்டால் சில மணித்தியாலத்தில் போய்விடும். சொந்த மாடென்றால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

மூன்றாம் கிழமை, விடிய ஆறு மணிக்கு ஒரு அழைப்பு: "உன்ரை மாடு இரண்டு றோட்டில நிக்குது." வேலிச் சண்டைகளுக்கு நடுவில் வளர்ந்த பிள்ளை நான். கிளுவைக் கதியால், கிடுகு, வருடா வருடம் வேலி அடைப்பு, ஒரு சாண் நிலத்துக்கு வழக்கு. கட்டாக்காலி மாட்டை வளர்க்கிறவன் என்று ஒருநாளும் பெயர் எடுக்காத குடும்பம். இங்கே வந்து எடுத்துவிட்டேன்.

போய்ப் பார்த்தால் கம்பி அறுந்திருக்கவில்லை. மூலைக் கட்டை அடியோடு சரிந்திருந்தது, அதில் சிவப்பு மயிர் ஒட்டிக் கிடந்தது. பசியில் வெளியே போகவில்லை, குளிர்கால மயிர் கொட்டும் நேரத்தில் தினவெடுத்து உரசியிருக்கின்றன. அம்மாவிடம் சொன்னேன். "பின்னை அதுகள் எங்க போய் உரசுறது? ஆவுரோஞ்சிக்கல் ஒண்டு நாட்டிவிடன்."

கோயிலடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நெஞ்சளவு உயரத்தில் நின்ற கல் ஞாபகம் வந்தது. மாடுகள் உரச ஆரோ தர்மத்துக்கு நாட்டியது. ஒரு பக்கம் கண்ணாடி மாதிரி வழவழப்பு. நாங்கள் அதில் பந்து எறிந்து விளையாடுவோம்.

பழைய தண்டவாளக் கட்டை ஒன்றை வாங்கி, மூன்றடி கிடங்கு வெட்டி, மண் இடித்து நிறுத்தினேன். இரண்டு நாள் ஒன்றும் கிட்ட வரவில்லை. மூன்றாம் நாள் காலை பெரிய நாம்பன் வந்து மணந்து பார்த்தது. காதடியிலிருந்து தோள்வரை மெல்லச் சாய்த்து ஒரு இழுவை. கண் பாதி மூடி, கீழுதடு தொங்கி, எச்சில் வடிய அப்படியே நின்றது. பின்னால் மற்றது முறைக்குக் காத்து நின்றது. அதே கிழமை வேலிக்கு மின்கம்பியும் இழுத்தேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். எது வேலியைக் காப்பாற்றியது என்று அம்மாவோடு நான் வாதாடவில்லை.

"மட்டுவிலை மறந்திடாதை" என்றா அம்மா அன்று. அவ நினைத்தது 1995 அக்டோபர் 30, போரால் ஊரே இடம்பெயர்ந்த நாளை. கோப்பாயும் அடங்கிய வலிகாமம் முழுக்க றோட்டில். அப்பா பசுவையும் பிடித்துக்கொண்டு சனத்துக்குள் நாவற்குழி தாண்டி நடந்தார். பலர் கயிற்றை அவிழ்த்துவிட்டு வந்திருந்தார்கள், அவருக்கு மனம் வரவில்லை. மட்டுவிலில் முன்பின் தெரியாத ஒரு வீட்டில், வளவு மூலையில் கட்ட விட்டார்கள். ஆறு மாதம். தங்கள் மாட்டுக்கு ஓலை கிழிக்கும்போது எங்கள் மாட்டுக்கும் கிழித்துப் போட்டார்கள். அங்கேயே பசு நாகு கன்று ஒன்றை ஈன்றது. திரும்பும்போது கன்றை வைத்திருங்கோ என்றோம், வேண்டாம் என்றார்கள். அப்பா கன்றை அவர்களின் பூவரசில் கட்டிவிட்டு, பசுவைப் பிடித்துக்கொண்டு விறுவிறு என்று நடந்தார். தாய் கத்தியபடியே வந்தது.

தைமாதம் பட்டிப்பொங்கலன்று சந்தனம் வைக்கப் போனேன். ஏழும் மறுமூலைக்கு ஓடின. பானையைப் படலையடியில் வைத்துக் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

மார்ச்சில் புல் காய்ந்ததும் லொறி வந்தது. இரவு அம்மா எடுத்தா. மாடுகள் எங்கே என்றா. சொந்தக்காரர் சந்தைக்கு ஏற்றிவிட்டார் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"வண்டிலுக்கு ஆரும் வாங்குவினம், என்ன?"

மெல்பேர்ணுக்கு இரண்டு தரம் வந்து போனவ. இங்கே ஒரு மாட்டு வண்டிலைக் கண்டதில்லை.

"ஓம் அம்மா, வாங்குவினம்" என்றேன்.