அத்தைக்கு வந்த எலி மருந்து

அத்தைக்கு சிஸ்பிளாட்டின்ங்கற கீமோ மருந்து ஏத்தப் போறாங்கன்னு தெரிஞ்ச அன்னிக்கே அல்சூர்ல எங்க வீட்டுக்கு வைத்தியம் வர ஆரம்பிச்சிடுச்சு. மாடி வீட்டு அக்கா மூக்கிரட்டைக் கீரை ஒரு கட்டு, மாமா ஃபேமிலி குரூப்ல கருஞ்சீரகம் பத்தி நாலு ஃபார்வர்டு, தம்பி ஒரு படி மேல போய் குர்குமின் கேப்ஸ்யூல் ஆர்டரே போட்டுட்டான். கிட்னியைக் காப்பாத்துமாம்.

திட்டலாம்னுதான் தேடிப் படிச்சேன், ஆனா முழுப் பொய்யும் இல்ல. சிஸ்பிளாட்டின் பிளாட்டினம் கலந்த மருந்து, 1978லேர்ந்து கேன்சருக்குப் புழக்கத்துல இருக்கு, சிக்கல் என்னன்னா கிட்னியில இருக்கற குட்டிக் குழாயோட செல்லுங்க இதை ரத்தத்துலேர்ந்து இழுத்து உள்ள சேர்த்துக்குது, அங்க ஃப்ரீ ரேடிக்கல்னு செல்லைக் கெடுக்கற மூலக்கூறுங்க பெருகி செல்லே செத்துப்போகுது, மெக்னீசியம் வேற யூரின்ல போயிடுது. மஞ்சள்ல இருக்கற குர்குமின், கருஞ்சீரகத்துல இருக்கற தைமோகுவினோன், வெங்காயத்துல இருக்கற குவெர்செடின், இதெல்லாம் கூடக் கொடுத்தா கிரியாட்டினின் (கிட்னி கெட்டா ரத்தத்துல ஏறற கழிவு) அவ்வளவா ஏறலன்னு நிறைய ஆராய்ச்சி இருக்கு. பெரும்பாலும் எலிக்கு.

மனுஷனுக்கு குர்குமின் குடல்லேர்ந்து ரத்தத்துக்கே சரியா ஏறாது. 1998ல நம்ம பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மெடிக்கல் காலேஜ்காரங்கதான் 2 கிராம் குர்குமினோட 20 மில்லிகிராம் பைப்பரின், அதாவது மிளகுல இருக்கற காரச் சத்து, சேர்த்துக் கொடுத்து பல மடங்கு ஏறுதுன்னு காட்டினாங்க (கோரமங்களா பக்கம் பஸ்ல எத்தனை தடவை தாண்டிப் போயிருக்கேன், இப்பதான் தெரியுது!). தம்பி வாங்கின டப்பாவுலயும் பைப்பரின் இருக்கு. ஆனா அதே பைப்பரின் லிவர்ல மத்த மருந்தைக் கரைக்கிற என்சைமையும் அடக்கும், அத்தை ஏற்கனவே தினம் ஆறு மாத்திரை போடறாங்க.

டாக்டர்கிட்ட டப்பாவைக் காட்டினேன். கீமோ முடியற வரைக்கும் வேண்டாம், குழம்புல போடற மஞ்சள் பத்திக் கவலைப்படாதீங்க, கேன்சர் செல்லையும் சேர்த்துக் காப்பாத்திட்டா என்ன பண்றதுன்னு சிரிச்சாரு. கிட்னிக்கு அவங்க பண்றது முன்னாடியும் பின்னாடியும் சலைன், கூட மெக்னீசியம், வலி மாத்திரை சொந்தமா போடக்கூடாது, அவ்வளவுதான்.

மூலிகைன்னா கிட்னிக்கு நல்லதுன்னு சொல்றவங்க ஆடுதீண்டாப்பாளையைப் பத்தியும் படிக்கணும், அந்தக் குடும்பத்துச் செடியில இருக்கற அரிஸ்டோலோக்கிக் ஆசிட் 1990கள்ல பெல்ஜியத்துல உடம்பு இளைக்க மூலிகை சாப்பிட்ட பொண்ணுங்க கிட்னியையே காலி பண்ணிருக்கு.

எல்லாத்தையும் அத்தைகிட்ட சொன்னேன். பாட்டில் சொட்டறதையே பார்த்துட்டிருந்தவங்க தம்பியைக் கூப்பிட்டு, "ஏன்டா, எனக்கு எலி மருந்தா வாங்கிட்டு வந்தே?"ன்னாங்க. பக்கத்து பெட்காரம்மாவும் சிரிச்சிட்டாங்க.