பாட்டி சாமியைத் திட்டிய இடம்

எல்லாம் என் வாயால் வந்த வினைதான். போன வருடம் தைப்பூசத்துக்கு முந்தின வாரம், இங்கிலாந்தில் லெஸ்டரில் ஆசிரியையாக இருக்கும் என் சித்தி மகள் போன் பண்ணி, "அக்கா, என் கிளாஸ் பிள்ளைங்ககிட்ட காவடியைப் பத்திப் பத்து நிமிஷம் பேசுறியா?" என்றாள். அங்கே 1944 கல்விச் சட்டத்திலிருந்தே சமயக் கல்வி கட்டாயம். அவள் பள்ளியில் எல்லா மதத்தைப் பற்றியும் நடத்துவார்களாம், புத்தகத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஒப்பேற்றாமல் அந்தந்த மதத்துக்காரர்களையே வீடியோ காலில் கூப்பிட்டுப் பேச வைப்பார்களாம். சரி என்றேன். அங்கே காலை 10 மணி, இங்கே மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் மாலை 6. தலை சீவி, பொட்டு வைத்து, சாமி படம் பின்னால் தெரிகிற மாதிரி உட்கார்ந்துகொண்டேன்.

ஒரு பையன் கேட்டான், அலகு குத்தினால் வலிக்காதா என்று. "பக்தி இருந்தா வலி தெரியாது" என்றேன், ரொம்பத் தன்னம்பிக்கையாக. வீடியோ கால் முடிந்ததும் பக்கத்து அறையில் படுத்திருந்த என் கொழுந்தன் எழுந்து வந்தான். ஈப்போ கல்லுமலைக்கு அஞ்சு வருடம் அலகு குத்திக் காவடி எடுத்தவன். "வலிக்காதுன்னு யார் சொன்னா அண்ணி? நாக்குல குத்துறப்ப உயிரே போயிட்டு வரும். அப்புறம் என்னமோ ஒண்ணு ஆவும், அதை எனக்குச் சொல்லத் தெரியாது."

நான் எடுத்ததெல்லாம் பால்குடம்தான். நாக்கில் வேல் ஏறினவன் பக்கத்து அறையில் படுத்திருக்க, நான் எதற்கு அந்தப் பிள்ளைக்குப் பதில் சொன்னேன்?

அங்கேதான் ஆரம்பித்தது, அனுபவப்பட்டவர்களையே பிள்ளைகளிடம் பேச வைக்கிற யோசனை. எங்கள் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை சமய வகுப்பு எடுப்பவர்களில் நானும் ஒருத்தி. பழைய ரப்பர் தோட்டத்து மாரியம்மன் கோயில்; பால் மரமெல்லாம் போய்ச் செம்பனை வந்து, லயத்து வரிசை வீடுகளில் இருந்த சனமெல்லாம் தாமான் என்கிற புதுக் குடியிருப்புகளுக்குப் போன பிறகும் கோயில் மட்டும் அங்கேயே இருக்கிறது. முப்பது பிள்ளைகள் வரும். பாதி வருடம் திருமுறை ஓதும் போட்டிக்குத் தயார்பண்ணுவதிலேயே போய்விடும். பிள்ளைகள் தேவாரத்தை அட்சரம் பிசகாமல் பாடும். ஆனால் முனியாண்டிக்கு ஏன் சுருட்டு வைக்கிறோம் என்று கேட்டால் முழிக்கும். நானும்தான்.

பள்ளிக்கூடத்தில் இதற்கு இடம் கிடையாது. நன்னெறிக்கல்வியில் 14 நெறிகள், அதில் முதலாவதே இறைநம்பிக்கை. ஆனால் யாருடைய நம்பிக்கை, எந்த வீட்டில், எந்த நேரத்தில் என்கிற சங்கதியே அதில் வராது. 1996 கல்விச் சட்டப்படி இஸ்லாம் அல்லாத சமயத்தைப் பள்ளியில் சொல்லிக்கொடுக்கலாம், ஆனால் நாடாளுமன்றம் ஒதுக்கும் பணத்தில் அல்ல. தன் மதம் அல்லாத வகுப்பில் ஒரு பிள்ளை உட்கார வேண்டுமென்றால் பெற்றோர் எழுதித் தர வேண்டும். எதற்கு வம்பு? கோயில் மண்டபம் இருக்கிறது, அறுபது வெள்ளிக்கு வாங்கின புளூடூத் ஸ்பீக்கர் இருக்கிறது. பெற்றோரிடம் மட்டும் அதே மாதிரி கையெழுத்து வாங்கிக்கொண்டேன்.

முதலில் ஒரு வீடியோ கால் போட்டுப் பார்த்தேன். புக்கிட் மெர்தாஜாமில் செயின்ட் ஆன் ஆலயத்துக்கு ஜூலை 26 திருவிழாவுக்கு வருடம் தவறாமல் போகும் என் சிநேகிதி, தமிழ் கத்தோலிக்கர், நேரலையில் பேசுவதாக ஏற்பாடு. கோயில் பக்கம் லைன் கிடைப்பது வேப்பமரத்தடியில் மட்டும். முப்பது பிள்ளைகளையும் மரத்தடியில் நிற்க வைத்தால், அவள் முகம் வாயைத் திறந்தபடி அப்படியே நின்றுவிட்டது. பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் அன்றைக்குப் பாடம் முடிந்தது. அதிலிருந்து வாட்ஸ்அப்பில் குரல் பதிவு மட்டும்தான். முகம் தெரியாததும் நல்லதுக்குத்தான், பிள்ளைகள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறார்கள்.

அடுத்து எங்கள் தோட்டத்துப் பாட்டி ஒருவர். 81 வயது. பன்னிரண்டு வயதில் பால் வெட்டும் உளியைப் பிடித்தவர். அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்து பதிவு செய்தேன். போனைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு "ஓடுதா, ஓடுதா?" என்று மூன்று தடவை கேட்டார். பின்னால் சேவல், மோட்டார் சைக்கிள், காய்கறி லோரிக்காரனின் ஹார்ன். பிரட்டுக்கு, அதாவது விடியற்காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற இடத்துக்கு, போகும்முன் இருட்டில் கற்பூரம் ஏற்றிவிட்டுப் போவதைச் சொன்னார். முனியாண்டிச் சுருட்டைப் பற்றிக் கேட்டேன். "எங்கப்பா வச்சாரு, நான் வைக்கிறேன். ஏன்னு நீதான் படிச்சவ, நீ சொல்லு" என்றார். அப்புறம், நான் கேட்காமலேயே, புருஷன் மரம் வெட்டப் போன இடத்தில் பாம்பு கடித்துச் செத்த அன்றைக்கு மாரியம்மன் முன்னால் நின்று கத்தியதைச் சொன்னார். "கண்ணு இருக்காடி உனக்கு? கல்லுதானேடி நீ?"

வீட்டுக்கு வந்து ஆடாசிட்டி என்கிற ஒலி வெட்டும் மென்பொருளில் சேவலைக் குறைத்தேன், லோரியைக் குறைத்தேன். அப்படியே அந்த நாலு நிமிடத்தையும் வெட்டி எடுத்துவிட்டேன். பத்து வயசுப் பிள்ளைகள், கோயில் மண்டபம், கோயில் தலைவர் வேறு கேட்பார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பாட்டியே ஒரு தூக்கில் சுண்டலோடு வந்து பின்னால் உட்கார்ந்திருந்தார். நான் எதிர்பார்க்கவில்லை. பதிவு முடிந்தது, பிள்ளைகள் கைதட்டினார்கள். பாட்டி மட்டும் ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா, நான் ஆத்தாவைத் திட்டினது எங்க?"

நேரம் போதவில்லை என்று ஏதோ உளறினேன்.

"அதை எடுத்துட்டா, மறுநாள் காலையில நான் போயி வெளக்கேத்தினேன்னு சொல்றது என்னாத்துக்கு?" என்றார். சத்தம் போடவில்லை. பிறகு எழுந்து பிள்ளைகளுக்கு நடுவே போய் உட்கார்ந்து, வெட்டின நாலு நிமிடத்தையும் நேரிலேயே சொன்னார். "ஆத்தா கோவிச்சுக்கலையா பாட்டி?" என்று ஒரு சின்னவள் கேட்டாள். "கோவிச்சிருப்பா. நானுந்தான் கோவமா இருந்தேன்" என்று சொல்லிவிட்டுச் சுண்டல் தூக்கைத் திறந்தார்.

இப்போது நான் சேவலைக்கூட வெட்டுவதில்லை. ஒரே கேள்விக்கு இரண்டு பேர் எதிரும் புதிருமாகச் சொன்னால் இரண்டையும் போடுகிறேன். கொழுந்தன் உயிர் போகும் என்கிறான், அவனோடு காவடி எடுத்த இன்னொருவர் எறும்பு கடித்த மாதிரிகூட இல்லை என்கிறார். பிள்ளைகள் அரை மணி நேரம் சண்டை போட்டார்கள். நான் தீர்த்து வைக்கவில்லை.

போன மாதம் பேசியவர் மளிகைக்கடைத் தவுக்கே, சீன முதலாளி. சீன நாட்காட்டியில் ஒன்பதாம் மாதத்து முதல் ஒன்பது நாளும் சைவம் மட்டும் சாப்பிட்டு, சீனர்களின் ஒன்பது பேரரசர் சாமி விழாவுக்குப் போகிறவர். தோட்டத்திலேயே வளர்ந்ததால் நம்மைவிட நன்றாகத் தமிழில் கெட்டவார்த்தை பேசுவார். அவர்களிலும் தீ மிதிப்பது உண்டு என்று அவர் சொன்னதும் மண்டபமே வாயைப் பிளந்தது. "காலு சுடுமா அங்கிள்?" என்று பிள்ளைகள் திருப்பி அனுப்பின குரல் பதிவுக்கு இன்னும் பதில் வரவில்லை. கடைக்குப் போனபோது கேட்டேன். அவர் மனைவி முதல் பதிவைக் கேட்டுவிட்டு, ரொம்பத்தான் அளக்கிறீர் என்று திட்டினாராம், அதனால் எல்லாவற்றையும் மறுபடி எடுக்கணுமாம். எடுக்கலாம், ஆனால் பழையதை அழிக்க மாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். அந்த அம்மாவையும் பேசச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். யோசிக்கிறாராம்.