சந்தையில் வாங்கிய மின்னல்

பிராங்பேர்ட்டில் மைன் ஆற்றங்கரையோரம் சனிக்கிழமைகளில் கூடும் பழம்பொருள் சந்தையில்தான் அது கண்ணில் பட்டது. ஓப்பல் பிளிட்ஸ் (பிளிட்ஸ் என்றால் மின்னல்), இரண்டாம் உலகப்போர்க் கால ஜெர்மன் மூன்று டன் ராணுவ லாரியின் சிறு மாடல். கெட்டி உலோக வார்ப்பு, கையில் எடுத்தால் கனம் தெரிந்தது. அட்டைப்பெட்டி இல்லை. கீழே இருந்த கறுப்பு பிளாஸ்டிக் பீடத்தில் 'போலந்து 1939' என்று எழுதியிருந்தது. "ஒன்றுக்கு நாற்பத்து மூன்று அளவு, அரிதானது" என்று, அதாவது அசலில் 43இல் ஒரு பங்கு என்று சொல்லி, கடைக்காரர் 25 யூரோ கேட்டார். பேரம் பேசி 18க்கு வாங்கினேன்.

வீட்டுக்கு வந்து முதலில் எடுத்தது வெர்னியர் காலிப்பர். இந்த லாரியின் முழுப் பெயர் 3.6-36 எஸ். முதல் எண் எஞ்சினின் லிட்டர் கணக்கு. இரண்டாவது முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் உள்ள இடைவெளி, அதாவது 3,600 மில்லிமீட்டர். அதை 43ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 84 மி.மீ. வரவேண்டும். என் வண்டியில் 72தான் இருந்தது. 72ஐ 50ஆல் பெருக்கினால் கச்சிதமாக 3,600. ஆக, இது ஒன்றுக்கு ஐம்பது. அரிதும் இல்லை, ஒன்றும் இல்லை. முன் அச்சின் நடுவே டிஃபரென்ஷியல் குமிழ் (சக்கரங்களுக்கு இழுவையைப் பிரித்துத் தரும் பல்சக்கரப் பெட்டி) இல்லாததால் நான்கு சக்கர இழுவை வண்டியும் அல்ல, சாதாரண எஸ் ரகம்தான். சரி, போகட்டும்.

அடுத்ததுதான் வயிற்றைக் கலக்கியது. வலது மட்கார்டு பெயின்டில் கடுகளவு கொப்புளங்கள். பழைய வார்ப்பு மாடல் சேகரிப்பவர்களுக்குக் கொப்புளம் என்றாலே 'சிங்க் பெஸ்ட்' நினைவுக்கு வரும். இந்த மாடல்களை வார்க்கும் ஸமாக் என்பது துத்தநாகம், அலுமினியம், கொஞ்சம் மெக்னீசியம், செம்பு சேர்ந்த கலவை. அதில் துளி ஈயம் கலந்துவிட்டாலும் போதும், வருடங்கள் போகப் போக உலோகம் உள்ளிருந்தே வீங்கி, வெடித்து, உதிர்ந்துவிடும். மருந்தே கிடையாது. போருக்கு முந்தைய பொம்மை வண்டிகள் பல இப்படித்தான் மண்ணாகிப் போயின.

பெயின்டை உரித்துப் பார்த்தால்தான் தெரியும். அடிப்பாகத்தில் இரண்டு ரிவெட். அதன் தலையை மட்டும் 3 மி.மீ. துரப்பணத்தால் மெதுவாகச் சுரண்டினேன். ஆழமாகப் போய்விட்டால் திரும்பத் திருகு பிடிக்க இடமிருக்காது. கண்ணாடி, ஸ்டியரிங், தார்ப்பாய் எல்லாம் பிளாஸ்டிக் என்பதால் தனியே எடுத்து வைத்துவிட்டு, உலோகத்துக்கு மட்டும் பெயின்ட் ரிமூவர் ஜெல் பூசினேன். காஸ்டிக் சோடாவில் ஊறவைக்கலாமே என்று சிலர் சொல்வார்கள். துத்தநாகத்தையே அரித்துவிடும், வேண்டாம். அரை மணி நேரத்தில் பெயின்ட் சுருங்கி எழுந்து வந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். விரிசல் ஒன்றுகூட இல்லை. பிரைமர் அடிக்காமல் நேரே பெயின்ட் அடித்திருந்தார்கள், அவ்வளவுதான். அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

இனி என்ன நிறம்? இங்கேதான் பீடத்தின் எழுத்தும் வண்டியும் ஒத்துப்போகவில்லை. வண்டி வந்தது அடர் மஞ்சளில். ஜெர்மன் ராணுவம் அந்த மஞ்சளை அடிப்படை நிறமாக அறிவித்ததே 1943 பிப்ரவரியில். 1939இல் போலந்துக்குள் போன வண்டிகளுக்கு அடர் சாம்பலின் மேல் அடர் பழுப்புத் திட்டுகள். கறுப்பு வெள்ளைப் படங்களில் இரண்டும் ஒன்றாகவே தெரிவதால் முழுச் சாம்பல் என்றே பலர் நம்பிவிட்டார்கள். பழுப்பை விட்டுவிட்டுத் தனிச் சாம்பல் மட்டும் என்று ஆனது 1940 ஜூலைக்குப் பிறகு. நான் 1941ஐ முடிவு செய்தேன். சோம்பேறித்தனமும் ஒரு காரணம், ஒரே நிறம்தானே.

அந்த ஒரே நிறமே காலை வாரியது. ஜெர்மன் நிறப் பட்டியலான ராலில் அந்தச் சாம்பலின் அசல் எண் 7021, அதை அப்படியே அடித்தேன். காய்ந்ததும் மேசையில் ஒரு கரித்துண்டு உட்கார்ந்திருந்தது. கதவுக் கோடு, ரேடியேட்டர் பட்டை எதுவும் தெரியவில்லை. ஆறு மீட்டர் லாரிக்கான நிறத்தைப் பன்னிரண்டு சென்டிமீட்டர் வண்டிக்குப் பூசினால் இப்படித்தான் இருட்டிப் போகும். மறுபடி உரித்து, ஐந்தில் ஒரு பங்கு வெளிர் சாம்பல் கலந்து, மெல்லிய மூன்று பூச்சாக அடித்ததும்தான் வண்டி வண்டியாகத் தெரிந்தது. இடது மட்கார்டில் இருந்த நோடெக் இருட்டடிப்பு விளக்கு, கவிழ்த்த தொப்பி மாதிரி, அப்போதுதான் எடுப்பாக வந்தது.

இடையில் மனைவி கேட்டாள், "இதையெல்லாம் எதுக்குங்க வீட்ல வெக்கணும்?" நியாயமான கேள்விதான். இந்த லாரிகள் உருவான பிராண்டன்பர்க் ஆலையில் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களும் வேலை செய்தார்கள். ஓப்பலோ 1929 முதல் அமெரிக்க ஜெனரல் மோட்டார்ஸின் கையில் இருந்த கம்பெனி. 1944 ஆகஸ்ட் 6இல் ஆலையைக் குண்டுவீசி நொறுக்கியது நேச நாட்டு விமானங்கள். அப்புறம் மான்ஹைமில் பென்ஸ்காரர்கள் இதே லாரியைச் செய்தார்கள், கேபின் மரமும் அழுத்திய அட்டையுமாக, ஏனென்றால் எஃகு இல்லை. பீரங்கி வண்டியைவிட இந்தச் சுமை வண்டியில்தான் அந்தப் போர் எப்படி நடந்தது, எப்படி ஓய்ந்தது என்பது எனக்குப் புரிகிறது. இதைச் சொன்னேன். "சரி, ஹால்ல வேண்டாம்" என்றாள். ஒப்புக்கொண்டேன். சுவஸ்திகாவும் நாஜிகளின் எஸ்எஸ் படைக் குறியும் என் வண்டிகளில் கிடையாது. இங்கே அவற்றைப் பொதுவில் காட்டுவதைச் சட்டம் தடுக்கிறது. தடுக்காவிட்டாலும் ஒட்டியிருக்க மாட்டேன்.

நம்பர் பிளேட்டில் தரைப்படைக்கான டபிள்யூஎச். நீரில் ஊறவைத்து ஒட்டும் டிகால். முதல் பிளேட்டை மங்கல் பூச்சின் மேல் நேரே ஒட்டியதில் அடியில் காற்று சிக்கி வெள்ளி மாதிரி மினுமினுத்தது. பளபளப்பு வார்னிஷ் அடித்து, அதன் மேல் இரண்டாவதை ஒட்டி, கடைசியில் மங்கல் வார்னிஷால் மூடினேன்.

பழைய பீடத்தைத் தூக்கிப் போட்டுவிட்டேன். எழுத்து தப்பு என்பதற்காக மட்டுமல்ல. மென்மையான டயரிலிருந்து கசிந்த எண்ணெய்ப் பிசுக்கு பிளாஸ்டிக்கைத் தின்று ஆறு குழிகள் போட்டிருந்தது. டயர்களைச் சோப்பில் கழுவி, டால்கம் பவுடர் தடவி மாட்டினேன். இப்போது வண்டி என் படிப்பறை அலமாரியில் மரப்பலகையில் நிற்கிறது, ஒவ்வொரு டயருக்கும் அடியில் நகத்தளவு அலுமினியத் தாளோடு.