மூலமட்டம், தூக்குக்குண்டு, ஒரு நினைவு மண்டபம்

லாட்ஜ் என்றால் நமக்குத் தங்கும் விடுதி. கொத்தனார் கருவிகளைச் சின்னமாகக் கொண்ட சகோதர அமைப்பினரான ஃப்ரீமேசன்களுக்கு அது சபை. அது கூடும் அறை டெம்பிள். லண்டன் கிரேட் குயின் தெரு ஃப்ரீமேசன்ஸ் ஹாலின் கோபுரம் கம்பீரமானதுதான். ஆனாலும் கட்டடம் புரிய வேண்டுமானால் அந்த அறையிலிருந்து தொடங்க வேண்டும்.

கிழக்கில் சபைத் தலைவரான மாஸ்டர். அவருக்கு அடுத்த நிலையினர் இரண்டு வார்டன்கள்: மேற்கில் சீனியர், தெற்கில் ஜூனியர். மாஸ்டர் கழுத்தில் தொங்குவது மூலமட்டம், சீனியருக்கு மட்டம் பார்க்கும் கருவி, ஜூனியருக்குத் தூக்குக்குண்டு. எல்லாம் நம்மூர்க் கொத்தனார் தினமும் கையாள்பவை! வடக்கில் வார்டன் கிடையாது. நடுவில் கறுப்பு வெள்ளைக் கட்டத் தரை. கதவுக்கு வெளியே ஒரு காவலர், உள்ளே ஒருவர். அதனால் முன்னறை இல்லாமல் லாட்ஜ் அறை அமைக்க முடியாது. மனை திசைக்கு ஒத்துவராவிட்டால் மாஸ்டரின் நாற்காலி உள்ள பக்கத்தையே கிழக்கு என்று கொள்வார்கள்.

ஃப்ரீமேசன்ஸ் ஹால் நிற்கும் இதே இடத்தில் தாமஸ் சாண்ட்பி வடிவமைத்த முதல் மண்டபம் 1776-இல் திறக்கப்பட்டது. இப்போது நிற்பது மூன்றாவது. முதல் உலகப் போரில் இறந்த 3,225 ஃப்ரீமேசன்களின் நினைவாக 1927 முதல் 1933 வரை கட்டியது; வடிவமைத்தவர்கள் ஆஷ்லி, நியூமன். உறுப்பினருக்குச் சராசரியாக 10 கினி (பழைய பிரிட்டிஷ் பணக் கணக்கு) திரட்டிய லாட்ஜ்களுக்கு 'ஹால் ஸ்டோன்' என்ற பெருமை கிடைத்தது.

எஃகுச் சட்டகம், அதைப் போர்த்தியிருப்பது போர்ட்லாண்ட் என்ற சுண்ணாம்புக் கல். மனை ஒழுங்கற்றது என்பதால் அச்சைக் கோணலாக, மூலைக்கு மூலை போட்டு, கோபுரத்தைத் தெருமுனையில் நிறுத்தினார்கள். பெரிய கூட்ட அறையான கிராண்ட் டெம்பிள் நடுவில். அலுவலகங்களும் சிறிய லாட்ஜ் அறைகளும் அதைச் சூழ்ந்திருக்கின்றன. என் கணிப்பில் கட்டடத்தின் மிகச் சிறந்த முடிவு இதுதான். முகப்பில் அழகு காட்டுவதைவிட, நடுவிலுள்ள அறையைத் தெருவிலிருந்து ஒதுக்கி வைப்பதே இங்கே முக்கியம்.

கிராண்ட் டெம்பிளின் வெண்கலக் கதவு ஒவ்வொன்றும் ஒன்றேகால் டன். பைபிளில் வரும் சாலமோன் அரசரின் கோயில் எழும்பும் காட்சிகளை அவற்றில் வடிவமைத்தவர் சிற்பி வால்டர் கில்பர்ட். உள்ளே நீளம் 123 அடி, அகலம் 90, உயரம் 62. 1,700 பேர் அமரலாம். கூரை வளைவின் நான்கு மூலைகளிலும் விவேகம், நிதானம், துணிவு, நீதி ஆகியவை மொசைக் உருவங்களாக நிற்கின்றன.

நினைவுச் சாளரத்தின் கீழே வெண்கலப் பேழை. அதற்குள் இறந்தவர்களின் பெயர்ச்சுருள்.

திறந்தபோது கட்டடத்தின் பெயர் 'மேசனிக் அமைதி நினைவகம்'. 1939-இல் மறுபடி போர் மூண்டதும் அந்தப் பெயரை எடுத்துவிட்டு, பழையபடி ஃப்ரீமேசன்ஸ் ஹால் என்றே அழைக்கத் தொடங்கினார்கள்.